உச்சமுனையில் கேட்ட வியாகுலம்

“எனக்கும் இன்னாருக்கும் சிறிது மனஸ்தாபம்” என்று நாம் அன்றாடம் சொல்லுகிறோம். அவர் நமக்கு ஏதோ தீங்கு இழைத்துவிட்டார். அதனால் நம் மனம் புண்பட்டிருக்கிறது. முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்பதே அதன் பொருள். ஆனால் கத்தோலிக்கத் தமிழரின் பழைய செபப் புத்தகங்களைப் புரட்டுவோர், இதே சொல் முற்றிலும் வேறொரு பொருளில் ஆளப்பட்டிருக்கக் காண்பர். அங்கே மனஸ்தாபம் என்பது பிறர் குற்றத்தை எண்ணிக் கொள்ளும் வருத்தமன்று. தன் குற்றத்தை எண்ணித் தன் மனமே வேகின்ற வேக்காடு. ‘உத்தம மனஸ்தாபம்’ என்றே ஒரு செபத்துக்குப் பெயர். எங்கள் கரையோர வீடுகளில் குழந்தைக்குப் பேச்சு வந்த சில காலத்துக்குள் அச்செபமும் வாயில் வந்துவிடும்.

ஒரு சொல்லின் இவ்விரண்டு பொருள்களுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்க எனக்கு ஓர் ஆயுட்காலமே வேண்டியிருந்தது. கடந்த தபசுகாலத்தில் உச்சமுனைக்குச் சென்று வந்த பிறகுதான் அதைக் கடந்தேன் என்று சொல்லத் துணிகிறேன். அந்தக் கதையையும், அதற்குப் பின்னணியாய் நிற்கும் ஒரு பழைய துக்க நூலின் கதையையும் வாசகர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணலும் வாடியும்

கற்பிட்டித் துறையிலிருந்து வடக்கு நோக்கிப் படகேறிச் செல்வோருக்கு, கடலுக்கும் குடாவுக்கும் நடுவே மணலால் இழுத்த கோடுகள் போலச் சில தீவுகள் தென்படும். அவற்றுள் ஒன்று உச்சமுனை. மேற்கே அலையெறியும் கடல்; கிழக்கே குடாவின் அடங்கிய நீர்; இடையே வெண்மணல், கிடுகு வேய்ந்த வாடிகள், வெயிலில் பரப்பிய கருவாடு. சோளகக் காற்று ஓய்ந்து கடல் இளகும் மாதங்களில், தெற்கேயுள்ள கரையோர ஊர்களிலிருந்து குடும்பங்கள் வலையும் வள்ளமுமாக வந்து, வாடியடித்துத் தங்கித் தொழில் செய்வது புத்தளம் மாவட்டக் கரையின் பழைய வழக்கம். எங்கள் குடும்பமும் அவ்வாறு வந்து போனதே. தபசுகாலம் பெரும்பாலும் மாசி, பங்குனியில் வருமாதலால், கடல் அமைதியாகவும் வலை கனமாகவும் இருக்கும் அந்நாட்களிலேயே எங்கள் துக்க செபங்களும் நிகழும்.

எங்கள் பக்கத்தில் ‘பாடு’ என்பது பல பொருள் தரும் ஒரு சொல். கரைவலை இழுப்பதற்கென ஒருவருக்கு உரிமையான கரைப்பகுதி பாடு. வலையில் அகப்படுவது மீன்பாடு. அதற்காக உழைப்பது பாடுபடுவது. ஆண்டவர் சிலுவையில் அனுபவித்தவையும் பாடுகளே. சிறுவனாய் இருந்தபோது இவை நான்கும் ஒன்றென்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் அடியோடு பிழை என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

குருவில்லாத கரை

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்திலிருந்து போர்த்துக்கேயரை அகற்றினர். அவ்வாண்டிலேயே கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளையும் பிறப்பித்தனர். குருமார் நாடுகடத்தப்பட்டனர், கோயில்கள் கைமாறின. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இக்கரையோர மக்கள் பூசையுமின்றி, பாவசங்கீர்த்தனமுமின்றி, தாம் கேட்டறிந்த செபங்களை மட்டுமே பற்றிக்கொண்டு வாழ்ந்தனர். ஞானஸ்நானம் கொடுப்பதும், செபம் நடத்துவதும், சாவு வீட்டில் நின்று மன்றாடுவதும் மூப்பர், அண்ணாவியார் முதலிய ஊர்ப் பெரியவர்களின் கடமையாயின.

1687இல் கோவையிலிருந்து யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்திறங்கினார். இங்கே கோவை என்றது போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவை. யாழ்ப்பாணத்தில் மறைந்து பணிசெய்த அவர், பின்னர் கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கும் வந்தார். 1711இல் கண்டியில் மரித்த அவரை, 2015 சனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராகப் பிரகடனம் செய்தமை பலர் நினைவிலும் இருக்கும்.

அவருக்குத் துணையாக 1705இல் வந்தவரே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். 1676இல் கோவாவின் திவார் தீவிற் பிறந்த இவருக்குத் தமிழும் சிங்களமும் கற்றுக்கொண்ட மொழிகளே. ஆயினும் இரண்டிலும் நூல் பல யாத்தார். 1742இல் போலவத்தையில் காலமாகும்வரை அவர் எழுதியவற்றுள் எங்கள் வீடுகளில் அதிகம் புழங்கியது ‘வியாகுலப் பிரசங்கம்’. கிறிஸ்துநாதரின் பாடுகளைக் காட்சி காட்சியாக நினைந்து அழும் தியான உரை அது. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் தபசுகாலத்தில் அதனை இராகம் போட்டு வாசித்து வந்தனர். அதே பொருளில் சிங்களத்திலும் ‘துக்பிராப்தி பிரசங்கய’ என்று ஒரு நூலை அவர் செய்தார். சிங்களக் கிராமங்களில் இன்றும் ஒலிக்கும் ‘பசன்’ என்னும் துக்க கீதங்கள் அவர் வழிவந்தவையே.

ஒல்லாந்தர் 1737இல் கொழும்பில் அச்சுவேலை தொடங்கினராயினும், அந்த அச்சுக்கூடம் அவர்களுடைய சபைக்கே உழைத்தது. ஆதலால் அடிகளின் நூல்கள் ஏட்டிலும் கையெழுத்துப் பிரதியிலும் ஊர் ஊராகச் சென்றன. அவை அச்சேறியது பிற்காலத்தில்.

உத்தம மனஸ்தாபம்

துன்பத்தை நினைந்து அழுவதற்கு இத்துணை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். இதற்கு விடை, குருவில்லாத அந்தக் காலத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூலாகும். என்றிக்கே என்றிக்கஸ் அடிகள் செய்த ‘கொம்பெசியோனாயரு’ 1580இல் கொச்சியில் அச்சாயிற்று. செய்த பாவங்களை முறையாக ஆராய்ந்து, குருவிடம் வெளியிடுவது எப்படி என்று அது கற்பித்தது. முத்துக்குளித்துறைப் பரதவருக்கு அது பயன்பட்டது. அங்கே குருமார் இருந்தனர். குருவே இல்லாத கரையில் அந்நூலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாவியானவன் யாரிடம் போவான்?

திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம் 1551இல் இதுபற்றி ஒரு தெளிவைத் தந்திருந்தது. தண்டனைக்கு அஞ்சி வருந்துவது ஒருவகை. கடவுள்மேல் வைத்த அன்பினால், அவரை நோகச் செய்தோமே என்று வருந்துவது மற்றொரு வகை. இந்த இரண்டாவது மனஸ்தாபம் நிறைவானதாய் இருந்து, வாய்ப்பு நேரும்போது பாவசங்கீர்த்தனம் செய்வோம் என்னும் விருப்பமும் உடன் இருக்குமாயின், குருவைக் காணுமுன்னரே மனிதன் கடவுளோடு உறவாகிறான் என்பது அச்சங்கத்தின் போதனை. உத்தம மனஸ்தாபம் என்று தமிழர் பெயரிட்டது இதனையே.

அச்சத்தை உண்டாக்குவது எளிது. நரகத்தை வருணித்தால் போதும். அன்பினால் வருந்தச் செய்வது எங்ஙனம்? அங்கேதான் கொன்சால்வெஸ் அடிகள் இந்நாட்டு மக்களின் மனத்தை அறிந்திருந்தார். சாவு வீட்டில் பெண்கள் கட்டியழும் ஒப்பாரி எங்கள் மக்களுக்குப் பிறவி வழக்கு. இறந்தவரை விளித்து, அவர் குணங்களை அடுக்கி, அவருக்குத் தாம் செய்யத் தவறியதைச் சொல்லிச் சொல்லி அழுவது அதன் இயல்பு. ‘இருந்தபோது ஒரு வாய் தண்ணீர் தரவில்லையே’ என்னும் ஏக்கமில்லாத ஒப்பாரி ஏது? பிறர் சாவை அழத் தொடங்கித் தன் தவறை அழுது முடிப்பது அது. வியாகுலம் வாசிக்கும் இடத்திலும் இதுவே நிகழும். ஒருவர் உரைப்பகுதியை நீட்டி வாசிப்பார். நிறுத்தும் இடங்களில் கூடியிருப்போர் ஒப்பாரி சொல்லுவர். வாசிப்போர் குரல் கேட்போரின் ஆத்துமத்தை நேரே விளித்துக் கேள்வி கேட்கும். சிலுவையில் தொங்குபவரை அங்கே ஏற்றியவர் யார் என்று கேட்கும்.

இக்கேள்விக்கு எளிதான, ஆனால் பிழையான ஒரு விடை நெடுங்காலம் வழங்கி வந்ததையும் மறைத்தலாகாது. ஐரோப்பாவிலும் பிறவிடங்களிலும் பாடுகளின் நினைவுநாட்கள் யூத மக்கள்மீது பகை மூட்டும் நாட்களாகப் பலமுறை மாறின. உண்மையில், 1566இல் வெளியான உரோமை ஞானோபதேச நூலே அக்குற்றம் பாவிகளாகிய கிறிஸ்தவர்களிடத்து இன்னும் பெரிது என்று எழுதிவைத்திருந்தது. அங்ஙனமிருந்தும், அன்று நடந்தவற்றுக்கு யூத இனத்தார் அனைவர்மீதும் பழிசுமத்தலாகாது என்று திருச்சபை சங்கத்திற் கூடி அறுதியிட்டுச் சொன்னது 1965 அக்டோபர் 28ஆம் நாளிலேதான். விரலைப் பிறர் பக்கம் நீட்டுவது சபைக்கே அத்துணை எளிதாய் இருந்ததென்றால், தனி மனிதனைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

1968ஆம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை

எனக்கு அப்போது பத்து வயது. உச்சமுனையில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த பாட்டில், ஒருநாள் தகப்பனாரின் வலை, மறுநாள் அவர் தம்பியின் வலை என்பது பாட்டனார் வகுத்துவிட்டுப் போன ஒழுங்கு. முந்திய கார்த்திகையில் காற்று எழுந்து ஒருநாள் வலை வளைக்க முடியாமற் போயிற்று. தவறிய அந்த நாள் யாருடைய கணக்கு என்பதே கேள்வி. இத்துணைச் சிறிய கேள்வியிலிருந்து எழுந்த சண்டை, ஒரே கிணற்றில் நீரள்ளும் இரண்டு வாடிகளை நான்கு மாதங்கள் பேச்சில்லாமல் வைத்திருந்தது.

வியாகுலப் புத்தகம் தகப்பனாரிடம் இருந்தது. ஒப்பாரியின் மெட்டோ சித்தப்பாவின் தொண்டையில் இருந்தது. அவர் எடுத்துக் கொடுக்க, பெண்கள் வாங்கிச் சொல்லுவதே வழக்கம். அவ்வாண்டு அவர் வரவில்லை. தகப்பனார் அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் தனியே வாசித்தார். நிறுத்தும் இடங்களில் அம்மாவும் மற்றவர்களும் ஏதோ ஒருவாறு சொல்லி முடித்தார்கள்.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை இரவு இராயப்பர் ஆண்டவரை மறுதலிக்கும் இடம் வந்தது. அவரை எனக்குத் தெரியாது என்று மும்முறை சொன்னவர், கோழி கூவக் கேட்டு வெளியே போய் மனங்கசந்து அழுத அந்த இடம். தகப்பனார் வாசித்துக்கொண்டு வந்தவர், ஒரு சொல்லில் நின்றுவிட்டார். எழுத்து மங்கிற்றோ, நெஞ்சு அடைத்ததோ, நான் அறியேன். பெண்களும் தொடங்கவில்லை. கடலிரைச்சல் மட்டுமே கேட்டது. அப்போது கிடுகு மறைப்புக்கு வெளியே, இருளிலிருந்து, அந்த ஒப்பாரி எழுந்தது. சித்தப்பாவின் குரல். ஐந்து வெள்ளிக்கிழமையும் அவர் அங்கேதான் நின்றிருந்தார் என்பது பின்னரே எங்களுக்குத் தெரிந்தது.

தகப்பனார் எழுந்து போய் அவரைக் கட்டித் தழுவவில்லை. வாசிப்பை இறுதிவரை நடத்தி முடித்தார். வெளியிலிருந்த குரலும் இறுதிவரை பதில் கொடுத்தது. முடிந்ததும் என்னைப் பார்த்து, “சித்தப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடு” என்றார். அவ்வளவே. தவறிய நாளின் கணக்கு அன்றும் தீரவில்லை, என்றும் தீரவில்லை. ஆனால் மறுநாட் காலை இருவரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தனர்.

தகப்பனார்கள் தீர்த்துக்கொண்டதைப் பிள்ளைகள் மீண்டும் தூக்கிச் சுமப்பதுண்டு. தகப்பனாருக்குப்பின் அந்தப் பாட்டின் உரிமை சித்தப்பாவின் பெயருக்குப் போயிற்று. நான் கடலை விட்டுக் கொழும்பில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பாடு எதற்கும் பயன்படப் போவதில்லை. ஆயினும் வஞ்சிக்கப்பட்டேன் என்ற எண்ணம் மட்டும் நன்றாக வளர்ந்தது. சித்தப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் நான் எழுதிய சொற்களை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் பதில் எழுதவில்லை. 2009இல் அவர் காலமான செய்தி வந்தது. போக வழியிருந்தது, விடுமுறையும் இருந்தது, போகவில்லை. கேட்டவர்களிடம், “எங்களுக்குள் கொஞ்சம் மனஸ்தாபம்” என்றேன்.

சின்னம்மாவின் வாடியில்

வியாகுலத்தின் மெட்டைப் பதிவுசெய்து வரவேண்டும், அறிந்தவர்கள் மறைந்துவருகிறார்கள் என்ற காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடந்த தபசுகாலத்தில் உச்சமுனைக்குப் படகேறினேன். பையில் ஒலிப்பதிவுக் கருவி. அதன்கீழ் தகப்பனாரின் புத்தகம்.

சித்தப்பாவின் மனைவி எண்பதைக் கடந்துவிட்டார். என்னைக் கண்டதும், “வாங்கோ மகன்” என்றார். இத்தனை ஆண்டுகளின் கணக்கு எதையும் கேட்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “உங்கட அப்பாட புத்தகமா? இண்டைக்கு வெள்ளிக்கிழமைதானே, வாசியுங்கோ” என்று பாயை விரித்தார்.

பன்னிரண்டு வயதுப் பேத்தி ஒருத்தி வந்து பக்கத்தில் அமர்ந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, பேச்சும் அரைகுறை. கற்பிட்டிப் பக்கத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூட மொழி தமிழிலிருந்து சிங்களமாயிற்று. பாட்டி தமிழிலும் பேத்தி சிங்களத்திலும் செபிக்கும் வீடுகளை இன்று அங்கே காணலாம். செபத்தின் தமிழும் மாறிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்வந்த திருத்தங்களில் தபசுகாலம் தவக்காலமாயிற்று, சேசு இயேசுவானார், பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆயிற்று. புதுச்சொற்கள் நல்ல தமிழ்ச் சொற்களே, குறைசொல்ல இடமில்லை. ஆயினும் சின்னம்மா அழுவது பழைய சொற்களில்தான்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். நிறுத்திய இடத்தில் சின்னம்மா ஒப்பாரி எடுத்தார். குரல் நடுங்கிற்று, மெட்டு நடுங்கவில்லை. இரண்டாம் முறை சிறுமியும் உதட்டுக்குள் ஏதோ சேர்த்துப் பாடினாள். “எங்கள் கோயிலில் பாடும் பசன் மாதிரி இருக்கிறது” என்று சிங்களத்தில் பாட்டியிடம் சொன்னாள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரே குரு தம் துயரத்தை இரண்டு மொழியிலும் எழுதிவைத்துப் போனது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே அவருடைய இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

இராயப்பரின் இடம் வந்தது. அந்தப் பக்கத்தில் தகப்பனாரின் விரல் பட்ட அழுக்கு இன்னும் இருக்கிறது. நான் இரண்டு வரி வாசித்தேன், மூன்றாவது வரவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, “சின்னம்மா, நான் சித்தப்பாட மரணத்துக்கு வரயில்லை” என்றேன்.

“தெரியும் மகன்” என்றார். சிறிது நேரம் சென்றது. “வாசியுங்கோ” என்றார்.

வாசித்தேன். கிடுகுக்கு அப்பால் இருளில் எவரும் நிற்கவில்லை. நிற்க வேண்டியவர் போய்விட்டார். அவரிடம் சொல்லவேண்டியதை இனி அவரிடம் சொல்ல முடியாது. அந்தக் கடிதத்துக்கு விடையாக எத்தனை ஆயிரம் நியாயங்களை நான் சேர்த்து வைத்திருந்தாலும், ஐந்து வெள்ளிக்கிழமை வெளியே நின்ற ஒரு மனிதருக்கு நான் ஒருநாளும் தேத்தண்ணி கொண்டுபோகவில்லை என்பதே மிச்சம். மனம் புண்படுவது வேறு, மனம் வேகுவது வேறு என்பதை அன்றிரவு அறிந்தேன்.

முடிந்ததும் சின்னம்மா பேத்தியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதில் ‘பெரியப்பா’ என்ற ஒரு சொல் மட்டும் தமிழாய் இருந்தது. சிறுமி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, அதே சொல்லைத் தயங்கித் தயங்கிச் சொல்லி என்னிடம் நீட்டினாள். ஒலிப்பதிவுக் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விடியற்காலையில் புறப்படும்போது புத்தகத்தைச் சின்னம்மாவின் கையிற் கொடுத்தேன்.

“எனக்குக் கண் தெரியாது, பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. ஆர் மகன் வாசிக்கிறது?” என்றார்.

நான் பேசாமல் நின்றேன். அவர் புத்தகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, சுரூபத்தின் அருகில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அடுத்த தபசுகாலத்துக்கும் இது இங்கதான் இருக்கும்” என்றார்.